சிவப்பு வால் மஸ்டாங்: பெயின்ட் மேசை வரை

இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-51சி மஸ்டாங்கின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாடல், ஒட்டு வேலை முடிந்து பெயின்டுக்கு வந்துவிட்டது. செய்வது லீ ஆர்ச்சர் ஓட்டிய விமானம். மூக்கில் ‘இனா தி மேக்கன் பெல்’ என்று எழுதியிருக்கும்; இனா அவர் மனைவி. ஆர்ச்சர் இருந்தது 332ஆவது ஃபைட்டர் குரூப்பில். கறுப்பின விமானிகளுக்கு அலபாமாவிலுள்ள டஸ்கீகியில் தனியாகப் பயிற்சி கொடுத்து, போர்முனையிலும் தனிப் பிரிவாகவே அமெரிக்க ராணுவம் வைத்திருந்த குரூப் அது. 1944 ஜூலையில் மஸ்டாங் கைக்கு வந்தபின் இத்தாலியின் ராமிடெல்லியிலிருந்து குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தார்கள்.

எல்லோரும் செய்வது குமிழ் கண்ணாடி வைத்த டி ரகம். சி ரகத்தில் கண்ணாடிக்குச் சட்டம் உண்டு, மாஸ்கிங் டேப் வெட்டியே கண் போய்விடும். இறக்கையில் துப்பாக்கி ஆறல்ல, நான்கு.

இறக்கையில்தான் அதிக வேலை. காற்று தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று, மஸ்டாங் இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் இணைப்புக் கோடுகளையும் தொழிற்சாலையிலேயே புட்டியால் மூடி, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். உடல் மட்டும் வெறும் அலுமினியம். அதனால் பிளாஸ்டிக்கில் அழகாகச் செதுக்கியிருந்த கோடுகளை நிரப்பித் தேய்த்தேன். மனசு வரவில்லைதான். உடலுக்குப் பளபளப்புக் கறுப்பு அடித்து, அதன்மேல் மெட்டாலிக் லாக்கர். இறக்கைக்குச் சாதாரண வெள்ளி. வெளிச்சத்தில் திருப்பினால் இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறது.

பிறகு வால். இந்தக் குரூப் இருந்த அமெரிக்க 15ஆவது விமானப்படையில் எந்தக் குரூப் என்பதை வாலை வைத்தே சொல்லிவிடலாம்: 325க்குக் கறுப்பு-மஞ்சள் கட்டம், 52க்கு மஞ்சள், 31க்குச் சிவப்புப் பட்டைகள், 332க்கு முழுச் சிவப்பு. வெள்ளி மேல் நேராகச் சிவப்பு அடித்தால் மங்கலாக நிற்கும். அடியில் இளஞ்சிவப்பு கொடுத்து, மேலே மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் அடித்தால் அடர்த்தியாக வருகிறது. பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்து முடிவு செய்தேன்.

வீழ்த்திய எதிரி விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலுவை என்று காக்பிட்டுக்குக் கீழே எத்தனை ஒட்டுவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. ஆர்ச்சர் ஐந்து விமானம் வீழ்த்திய ‘ஏஸ்’ என்று பல இடங்களில் படிக்கலாம். விமானப்படைப் பதிவில் இருப்பது நான்கு. அதில் மூன்று, 1944 அக்டோபர் 12 அன்று ஹங்கேரி வானில் ஒரே பறப்பில். நான்குதான் ஒட்டப் போகிறேன். இந்தக் குரூப் காவல் போனபோது ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட இழக்கவில்லை என்ற கதையும் இப்படித்தான். பின்னாளில் ஆவணங்களைப் புரட்டியபோது எதிரி விமானங்களால் வீழ்ந்தவை 27 என்று தெரிந்தது. அதே படையின் மற்ற மஸ்டாங் குரூப்களுக்குச் சராசரி 46. எனக்கு அந்த 27தான் பெரிதாகத் தெரிகிறது. பூஜ்யத்தைச் சொல்லிப் புகழும்போது, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே போய்விடுகிறது.

பக்கத்தில் நிற்க இரண்டு உருவங்கள்: விமானி ஒருவர், மெக்கானிக் ஒருவர். இந்தக் குரூப்பில் தரையில் வேலை பார்த்தவர்களும் கறுப்பினத்தவர்களே. மெக்கானிக் இல்லாமல் வைக்க எனக்கு இஷ்டமில்லை. பெட்டியோடு வரும் வண்ணக் குறிப்பு வெள்ளைத் தோலுக்கானது, அதை ஓரம் வைத்துவிட்டேன். கரும்பழுப்பு அடித்து, கண்குழியிலும் தாடைக்குக் கீழும் துளி நீலம் கலந்த பழுப்பு. கன்னம், மூக்கு மேட்டுக்கு வெள்ளை கலக்கக் கூடாது, சாம்பல் பூசியது போலாகிவிடும். ஆரஞ்சு கலந்த பழுப்பு கலந்தால் தோலுக்கு உயிர் வருகிறது. விமானி முகம் முடிந்தது, மெக்கானிக் முகம் பாதியில் நிற்கிறது.

அடுத்தது டெக்கால் (ஒட்டும் எழுத்து, சின்னங்கள்), அதற்கப்புறம் மாடல் நிற்கும் தளம். ராமிடெல்லி ஓடுபாதை துளையிட்ட இரும்புத் தகடுகளைக் கோத்துப் போட்டது. அச்சு வார்த்த தகடு விலைக்குக் கிடைக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் நானே துளை போட்டுப் பார்க்கலாமா என்று யோசனை.