அய்யர் இருபதும் வுல்ஃப் பரிசும்

அக்டோபர் முதல் வாரத்தில் நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் காவேரிப்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விவாதம் எழுவதுண்டு. இந்த முறை அதைத் தொடங்கி வைத்தவள் வேளாண்மைப் பட்டப்படிப்பில் இருக்கும் என் தங்கை மகள். "சோறு போடுற படிப்புக்கு மட்டும் ஏன் மாமா நோபல் இல்லை?" என்று கேட்டாள்.

ஆல்ஃபிரட் நோபல் 1895ஆம் ஆண்டு எழுதிய உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய ஐந்தை மட்டுமே குறிப்பிட்டார் என்பதுதான் அதற்கு நேரான பதில். குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக்குக்கு 1970ஆம் ஆண்டு பரிசு கொடுக்க விரும்பியவர்களுக்கு அமைதிப் பிரிவைத் தவிர வேறு கதவு இருக்கவில்லை. அந்தக் குறையை உணர்ந்த போர்லாக்கின் முயற்சியால் 1986இல் உலக உணவுப் பரிசு நிறுவப்பட்டது. அதை முதன்முதலில், 1987இல், பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அந்தப் பரிசுத் தொகையைக் கொண்டுதான் அவர் சென்னையில் தம் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். சோளத்தில் ஒட்டுண்ணிக் களையைத் தாங்கும் ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பியாவின் கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் அதே பரிசு கிடைத்தது. எங்கள் மேட்டுநிலத்துக் கேழ்வரகின் முறை இன்னும் வரவில்லை. களி தின்று வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பரிசுகளில் என் மனத்துக்கு நெருக்கமானது வுல்ஃப் பரிசு. ஜெர்மனியில் பிறந்து கியூபாவில் குடியேறி, உருக்காலைக் கசடிலிருந்து இரும்பை மீட்கும் முறையைக் கண்டறிந்து பெரும் பொருள் ஈட்டிய ரிக்கார்டோ வுல்ஃப், 1975இல் இஸ்ரேலில் ஏற்படுத்திய அறக்கட்டளை அதை 1978 முதல் வழங்கி வருகிறது. வேளாண்மையும் கணிதமும் அதில் தனித்தனிப் பிரிவுகள்; ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இசை ஆகியவை கலைப் பிரிவில் மாறி மாறி வரும். ஓவியர் மார்க் ஷகாலும் நம் மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சுபின் மேத்தாவும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். நோபல் குழுவின் கண்ணுக்குத் தப்பியவர்களையும் தாமதமாகத் தெரிந்தவர்களையும் முன்னதாகவே அடையாளம் கண்ட பெருமையும் இதற்கு உண்டு. மக்காச்சோள மணிகளின் வண்ணப் புள்ளிகளை ஆராய்ந்து, மரபணுக் கூறுகள் இடம் மாறுகின்றன என்று கண்ட பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1981இல் வுல்ஃப் பரிசும் 1983இல்தான் நோபலும் கிடைத்தன. இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூவுக்கோ நோபல் கிடைக்கவே இல்லை. முதல் ஆண்டின் வுல்ஃப் இயற்பியல் பரிசே கிடைத்தது.

வேளாண்மைப் பிரிவில் 2000ஆம் ஆண்டு பரிசு பெற்றவர் பஞ்சாபில் பிறந்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய குர்தேவ் குஷ். புல்குட்டை நோயைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்று மட்டுமே தாக்குப்பிடித்தது. அதன் எதிர்ப்புத் திறனைச் சேர்த்து அவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ஐ.ஆர். 36, புகையான் பூச்சியையும் தாங்கி ஆசியா முழுவதும் பரவியது.

கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டில் என் தந்தை பயிரிட்டது அதற்கு மூத்த ரகமான ஐ.ஆர். 20. 'ஐ.ஆர்.' என்பது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ச்சுருக்கம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி கடைசிவரை அதை 'அய்யர் இருபது' என்றே சொன்னார். குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்தை அந்த நெல்லுக்குக் கொடுத்த தாய்தந்தையரில் ஒன்று டி.கே.எம். 6. அந்த மூன்று எழுத்துகள் குறிப்பது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூர்க்குப்பத்தை. அங்கிருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி. 24 என்ற ரகத்தையும் கோ 18 என்ற ரகத்தையும் கலந்து உருவாக்கப்பட்டது அது.

இதை நான் சொன்னதும் தங்கை மகள் குறிப்பேட்டில் வம்சாவளி வரைந்தாள். அவள் வரைந்துகொண்டிருந்தபோது எனக்குப் பாட்டியின் ஓயாத முறைப்பாடு நினைவுக்கு வந்தது. புது நெல் சோற்றைத் தட்டில் போட்ட ஒவ்வொரு நாளும், "என்ன இருந்தாலும் இது கிச்சிலி சம்பா ஆகுமா?" என்று முகத்தைச் சுளிப்பார். கிச்சிலி சம்பா என்று ஊரெல்லாம் வழங்கிய நெல்லுக்குக் கோயம்புத்தூரில் அரசாங்கம் வைத்த பெயர்தான் ஜி.இ.பி. 24. அவர் தட்டில் ஒதுக்கிய சோறு, அவர் ஏங்கிய நெல்லின் பேரன்.