உள்ளங்கை அளவுத் திருக்கை

வளர்ப்பு மீன் கடைத் தொட்டியின் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு மெல்ல மேலேறி வந்தது அந்தக் குட்டித் திருக்கை. அடிப்பக்கத்தில் இரண்டு கண்கள், சிரிக்கிற வாய்.

அவை கண்கள் இல்லை, மூக்குத் துளைகள். நிஜக் கண்கள் முதுகுப் பக்கம் இருக்கின்றன. தெரிந்தும் மனம் இளகிவிட்டது.

இப்போது உள்ளங்கை அளவுதான். தென் அமெரிக்க ஆறுகளின் மணலில் புதைந்து வாழும் இந்த மோட்டோரோ வகை, அரை மீட்டர் அகலத்துக்கும் வளரும். வால் முள்ளில் விஷம் உண்டு; அதற்குக் கவனமாக இருந்துகொள்ளலாம். ஆனால் மீன் கழிவால் தண்ணீரில் அம்மோனியா கொஞ்சம் ஏறினாலும் தாங்காதே, அதுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துத் தொட்டியை அளந்தேன். அகலம் 45 சென்டிமீட்டர். வளர்ந்தபின் அதனால் திரும்பக்கூட முடியாது.

சரி, வேண்டாம்.

அந்த முகம் மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.