ஷ்பெர்சைட்: ஜேர்மனியில் வேலையிழப்புப் பணத்தை மறுத்தால் நீதிமன்றம் வரை போவது எப்படி

வேலையை நீங்களாக விட்டாலோ, உங்கள் நடத்தையைக் காரணம் காட்டி நிறுத்தினாலோ ஆர்பைட்ஸ்அம்ட் (வேலைவாய்ப்பு அலுவலகம்) அனுப்பும் கடிதத்தில் பெரும்பாலும் அந்த ஒரு சொல் இருக்கும்: ஷ்பெர்சைட், அதாவது தடைக் காலம். 12 வாரத்துக்குக் காசு இல்லை. பலர் அதோடு கடிதத்தை மடித்துவிடுகிறார்கள். உண்மையான அடி அடுத்த பந்தியில் இருக்கிறது. 12 வாரத் தடை விழுந்தால் மொத்த உரித்துக் காலத்தில் குறைந்தது நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். 12 மாத உரித்து உள்ளவருக்கு 360 நாளில் 90 நாள் போகும். 58 வயதைத் தாண்டி 24 மாத உரித்து உள்ளவருக்குப் போவது 180 நாள், அதாவது அரை வருடக் காசு. சீக்கிரம் வேலை கிடைத்தவருக்கு இது தெரியாது, கிடைக்காதவருக்குத்தான் உறைக்கும்.

வழக்கு நீதிமன்றத்தில் தோற்பதைவிட, முதல் நாள் நிரப்பிய படிவத்திலேயே தோற்பதுதான் அதிகம். "வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற இடத்தில் "குடும்பக் காரணம்" என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வருவார்கள். சமூகச் சட்டக்கோவை மூன்றாம் பாகத்தின் 159ஆம் பிரிவு கேட்பது "முக்கியமான காரணம்". உங்கள் சொந்த வாழ்க்கைக்குள் நடந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால், வேலையை விட முன்னரே மருத்துவர் எழுதிய கடிதம் வேண்டும். பிறகு வாங்கியதற்கு அவ்வளவு பெறுமதி இல்லை. சம்பளம் வரவில்லை என்றால் வங்கிக் கூற்றும், சம்பளத்தைக் கேட்டு முதலாளிக்கு எழுதிய கடிதமும். கணவனோ மனைவியோ இருக்கும் ஊருக்குப் போனதென்றால் பதிவுச் சான்று, அங்கிருந்து தினமும் வேலைக்குப் போய்வர முடியாத தூரம், போகமுன் அங்கே வேலை தேடிய தடயம். இன்னொரு பொறி: "சுமுகமாகப் பிரிவோம்" என்று முதலாளி நீட்டும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டாலும், நீங்களாக விட்டதாகத்தான் கணக்கு.

இனித் திகதி. எதிர்ப்பைத் தெரிவிக்க, அதாவது விடர்ஷ்ப்ருக் போட, ஒரு மாதம் இருக்கிறது. 2025இலிருந்து, தபாலில் போட்ட நாலாம் நாள் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்வார்கள். மார்ச் 3இல் போட்ட கடிதம் மார்ச் 7இல் கிடைத்ததாகும். கடைசி நாள் ஏப்ரல் 7. ஆனாலும் கடிதத்தின் தலையில் இருக்கும் திகதியிலிருந்தே எண்ணுங்கள், அந்த நாலு நாளையும் கையிருப்பாக வையுங்கள். எங்கே, எத்தனை நாளுக்குள் எதிர்க்கலாம் என்ற பந்தி கடிதத்தில் இல்லாவிட்டால் அல்லது பிழையாக இருந்தால், தவணை ஒரு வருடமாக நீளும்.

சாதாரண மின்னஞ்சல் செல்லாது. பலர் விழும் குழி இதுதான். ஒப்பமிட்ட கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குவது மேல். எழுத வராதவர் அலுவலகத்துக்கே போய்ச் சொல்லி எழுதுவிக்கலாம். கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதுங்கள், நாலு வரி போதும்: வாடிக்கையாளர் இலக்கம், எந்தத் திகதிக் கடிதம், அதை எதிர்க்கிறேன், காரணம் பிறகு அனுப்புவேன், என் கோப்பைப் பார்க்க வேண்டும்.

கோப்பைக் கேட்கும் அந்தக் கடைசி வரியை விடவே கூடாது. கோப்பில் முதலாளி நிரப்பிக் கொடுத்த வேலைச் சான்று இருக்கும். வேலையை யார் முடித்தது, நடத்தை காரணமா, அதற்குமுன் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்களா என்று அதில் கேட்டிருக்கும். "நடத்தை காரணம்: ஆம். எச்சரிக்கை: இல்லை" என்று குறி போட்டிருந்தால் உங்கள் வாதத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது, மோசமான மீறல் தவிர மற்றவற்றுக்கு முன்னெச்சரிக்கை வழமையாகத் தேவை. தொழில் நீதிமன்றத்தில் முதலாளியோடு சமரசம் செய்திருந்தால் அதையும் இணையுங்கள். ஆனால் அந்தச் சமரசம் ஆர்பைட்ஸ்அம்ட்டைக் கட்டாது. அவர்கள் தாங்களாகவே மறுபடி ஆராய்வார்கள்.

சட்டத்தரணிக்கு எங்கே போவது? வருமானம் குறைந்தவருக்கு அரசு இரண்டு கட்டத்தில் கைகொடுக்கிறது. நீதிமன்றத்துக்கு முந்திய கட்டத்துக்கு, உங்கள் வதிவிட அம்ட்ஸ்கெரிக்டில் (உள்ளூர் நீதிமன்றத்தில்) ஆலோசனை உதவிச் சீட்டு எடுக்கலாம். அதோடு போனால் சட்டத்தரணி உங்களிடம் 15 யூரோதான் கேட்கலாம். அவசரமென்றால் முதலில் சட்டத்தரணியிடம் போய்விட்டு, அவர் வேலை தொடங்கி நாலு வாரத்துக்குள் சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஹம்பேர்க், பிரேமன் மாநிலங்களில் இதற்குப் பதிலாகப் பொது ஆலோசனை நிலையங்கள். சீட்டுக் கொடுப்பவர் "அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். எதிராளியாக இருக்கும் அதே அலுவலகத்திடம் ஆலோசனை கேட்கச் சொல்லக் கூடாது என்று 2009இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எதிர்ப்பு நிராகரிக்கப்பட்டால் அந்த முடிவு கிடைத்து ஒரு மாதத்துக்குள் சமூக நீதிமன்றத்தில் (சொட்சியால்கெரிக்ட்) வழக்குப் போடலாம். மூன்று மாதமாகியும் தகுந்த காரணமின்றிப் பதிலே இல்லை என்றால் அதற்கும் தனி வழக்கு உண்டு. இந்த நீதிமன்றத்தில் உரித்துக் கேட்பவருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதல் இரண்டு மட்டத்திலும் சட்டத்தரணி கட்டாயமில்லை. வழக்கில் தோற்றாலும் ஆர்பைட்ஸ்அம்ட்டின் செலவு உங்கள் தலையில் விழாது. விசாரணை நாளில் ஜேர்மன் மொழி போதாவிட்டால் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும். தமிழ் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

உங்கள் பக்கச் சட்டத்தரணியின் காசுக்கு வழக்குச் செலவு உதவி இருக்கிறது. வெல்ல ஓரளவு வாய்ப்பு உண்டா என்று நீதிபதி பார்ப்பார், வருமானத்தையும் பார்ப்பார். விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் இணைப்புகளால்தான்: படிவத்தை அழகாக நிரப்பியிருப்பார்கள், வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கூற்றோ இருக்காது. நீதிமன்றம் தவணை கொடுக்கும், அதுவும் போகும், உதவி மறுக்கப்படும். முழுமையாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் உதவி கணக்கில் வரும், வழக்கு முடிந்தபின் கேட்க முடியாது. கிடைத்த பிறகும் நாலு வருடம் முகவரி மாற்றத்தையும், மாத வருமானம் 100 யூரோவுக்கு மேல் கூடியதையும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் முதலில் சங்கத்தின் சட்டப் பிரிவுக்குப் போங்கள். அந்தப் பாதுகாப்பு உள்ளவருக்கு அரச உதவி பொதுவாகக் கிடையாது.

தீர்ப்பு வர ஒரு வருடத்தைத் தாண்டுவது புதினமில்லை. அதற்கு முன்னர் நீதிபதி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் ஒரு நாள் வரலாம். அங்கே "கடினநிலை கருதி 12 வாரத்தை 6 ஆக்கலாமா?" என்ற பேச்சு எழும்பும். பாதிதானே என்று முகம் சுளிக்க முன் கணக்குப் பாருங்கள். நாலில் ஒரு பங்கு வெட்டு 12 வாரத் தடைக்கு மட்டும்தான். 6 வாரமானால் 42 நாள்தான் குறையும்; 24 மாத உரித்துள்ளவர் 180 நாளை 42 ஆக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆவணம் பலவீனமான வழக்கில் இதைத் தட்டிவிடுவது புத்தியில்லை.

வழக்கு நடக்கும் காலம் முழுவதும் வேலை தேடுபவராகப் பதிவில் இருங்கள், கூப்பிட்ட நாளுக்குப் போங்கள். கோபத்தில் பதிவை விட்டவர் வென்றாலும் அந்த நாட்களுக்குக் காசு வராது. வீட்டில் சமைக்கவே வழியில்லை என்றால் ஜொப்சென்டரில் அடிப்படை உதவி கேளுங்கள். தடை காரணமாக அதிலும் குறைப்பு வரலாம், ஆனாலும் கேட்ட மாதத்திலிருந்துதான் கிடைக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்ப்புத் தவணை தவறிவிட்டதா? சமூகச் சட்டக்கோவை பத்தாம் பாகத்தின் 44ஆம் பிரிவின் கீழ் மீளாய்வு கேட்டு எழுதலாம். முடிவு பிழையென்று தெரிந்தால் நாலு வருடம் வரை பின்னோக்கிக் காசு வரும். பழைய கடிதங்களை எறிந்துவிடாதீர்கள், உறையையும் சேர்த்துத்தான்.