நாலாவது என்ஜினியரின் தொட்டி

கப்பலில் நாலாவது என்ஜினியராக ஏறினால், பல கம்பெனிகளில் கழிவறை நீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் நம் தலையில்தான் விழும். யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. ஆனால் மெயின் என்ஜினுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியாவது அதற்கும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அந்தத் தொட்டிக்குள் உழைப்பது பாக்டீரியா. அதற்குக் காற்று வேண்டும், அதனால் ப்ளோயர் இரவும் பகலும் ஓடும். முதல் அறையில் பாக்டீரியா கழிவைத் தின்னும், அடுத்ததில் கசடு அடியில் படிந்து முதல் அறைக்கே திரும்பும், தெளிந்த நீர் குளோரின் பட்ட பிறகுதான் கடலுக்குப் போகும். காற்று நின்றுபோனால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆளையே கொன்றுவிடும்.

ஒரு கப்பலில், கசடு திரும்புகிற கண்ணாடிக் குழாயில் பழுப்பாக ஓட வேண்டியது வெறும் தண்ணீராக ஓடியது. ப்ளோயர் சரி, வால்வும் சரி. அப்புறம் விசாரித்தால், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று எல்லாக் கழிவறையிலும் பிளீச்சிங்கும் ஆசிடும் கொட்டித் தேய்த்திருக்கிறார்கள். மேலே பளபளப்பு, கீழே பாக்டீரியா மொத்தமும் காலி.

கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் மார்போல்; அதில் கழிவறைக் கழிவு பற்றிய நாலாம் இணைப்பு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அரைத்துக் கிருமிநீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம், எதுவும் செய்யாததை 12 கடல் மைலுக்கு அப்பால்தான், அதுவும் தேக்கிவைத்த கழிவென்றால் கப்பல் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்குக் குறையாமல் ஓடும்போது மட்டும். அங்கீகாரம் பெற்ற பிளான்ட் இருந்தால், உள்ளூர்த் தடை இல்லாத இடத்தில் கரையருகிலும் விடலாம். நாள்கணக்கில் நங்கூரம் போட்டு நிற்கிறோம், சுற்றிலும் மீனவர் வலை வீசுகிறார்கள், அங்கே கடலைக் காப்பாற்றுவது அந்தத் தொட்டி மட்டும்தான். பிளான்ட்டின் சான்றிதழ் சுவரில் பத்திரமாகத் தொங்கும், உள்ளே பாக்டீரியா செத்திருந்தாலும். பிளாஸ்டிக்கைக் கடலில் போடக் கூடாதென்று இப்போது எல்லோருக்கும் தெரியும், குப்பைப் பதிவேடும் ஒழுங்காகவே எழுதுகிறோம். கழிவறைக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

அதனால் கழிவறைகளைத் தேய்க்கப் புதிதாக ஏறும் மெஸ்மேனிடம் முதல் நாளே நானே போய்ப் பேசிவிடுவேன், "தம்பி, இந்த கேனைத் தவிர வேறெதையும் உள்ளே ஊற்றாதே" என்று. பாக்டீரியாவைக் கொல்லாத கிளீனர் கடையில் கிடைக்கிறது. நாங்கள் ஆர்டர் போட்டால் விலை அதிகமென்று ஆபீசில் வெட்டிவிட்டு மலிவான ஆசிட் கேனை ஏற்றி அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும்.