மிதியடி கழற்றி ஏறிய மலை

கொடைக்கானலுக்குப் பேருந்திலும் காரிலும் பலமுறை சென்றிருக்கிறேன். சென்ற ஒவ்வொரு முறையும் அங்கே கோயில்கொண்ட முருகனான குறிஞ்சி ஆண்டவரைத் தரிசித்துத்தான் இறங்கியிருக்கிறேன். ஆயினும், மலைமேல் இருக்கும் முருகனை ஒருமுறைகூட மலையேறிச் சென்று கும்பிடவில்லையே என்ற குறை நெடுநாளாக நெஞ்சில் இருந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் படுகிற பாட்டில் கால்பங்காவது படவேண்டும் என்று எண்ணி, தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் நானும் என் தம்பியும் புறப்பட்டோம். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையில் தொடங்கி, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய தடம் அது. வனத்துறையின் அனுமதி பெற்று, அந்த ஊர்க்காரர் ஒருவரையே துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

விடிவதற்கு முன்பே அருவிக்கரையில் சூடம் ஏற்றி வணங்கிவிட்டு நடக்கத் தொடங்கினோம். கீழ்ச்சரிவு முழுவதும் முட்புதரும் பாறையுமாக இருந்தது. வெயில் ஏற ஏற மூச்சு இரைத்தது. எதிரே காப்பிக்கொட்டை மூட்டைகளோடு குதிரைகள் இறங்கி வந்தன. அவற்றுக்கு வழிவிட்டுப் பாறையோடு ஒட்டி நின்றபோது, துணைக்கு வந்தவர், "எங்க ஊருக்கு அரிசி பருப்பு எல்லாம் இதுங்க முதுகுலதான்யா வரும். உடம்புக்கு முடியாதவங்களை டோலி கட்டித்தான் தூக்கணும்" என்றார். குரலில் வருத்தம் இல்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

காப்பிச் செடிகளின் நிழல் தொடங்கும் இடத்தில் ஊர் வந்துவிட்டது. ஊருக்குள் நுழையும் முன்பே சிறு சிறு கோயில்கள். அங்கே அவர் சட்டென்று நின்று குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளகவியில் யாரும் காலில் செருப்பு அணிவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனாலும், ஓர் ஊரே கோயில் பிராகாரமாக இருப்பதைக் கண்ணால் கண்டபோது உடல் சிலிர்த்தது. கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை. ஒரு வீட்டின் திண்ணையை ஒட்டிச் சாமியின் மேடை. மேடையை ஒட்டி அடுத்த வீட்டின் காப்பிக்கொட்டை காயும் களம். என் கையில் இருந்த காலணியைப் பார்த்த ஒரு மூதாட்டி, "நல்லதுய்யா, சாமி நடமாடுற இடம்" என்று சொல்லி, செம்பில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வெறுங்காலில் அந்தக் குளிர்ந்த மண்ணை மிதித்து நடந்த சில நிமிடங்களை, நான் இதுவரை செய்த எந்தப் பிரதட்சிணத்துக்கும் குறைவாக எண்ண மாட்டேன்.

இந்த மலைக்கு வெளியார் வந்த வரலாற்றைக் கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் 1821-இலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த ஆண்டு லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் ஏறி வந்து மலையை அளந்தார். 1845-இல், மதுரையில் காலராவும் காய்ச்சலும் தங்கள் குடும்பங்களைப் பலிகொள்வதைத் தாங்க மாட்டாமல், அமெரிக்க மதப்பணியாளர்கள் இங்கே இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். 1875-இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தபின் கோடைவாசத்துக்கு வருவோரின் எண்ணிக்கை கூடியது. ரயிலில் இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டு வண்டியில் பயணம் செய்து, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள தோப்பை அடைவார்கள். அங்கிருந்து சிலர் குதிரையிலும், பலர் ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் டோலியிலும் 7,000 அடி உயரத்துக்கு ஏறினார்கள். வாகனங்கள் செல்லும் மலைச்சாலை திறக்கப்பட்டது முதல் உலகப் போர்க் காலத்தில்தான்.

இவற்றை நான் முன்பே படித்திருக்கிறேன். படிக்கும்போது "நாற்காலியில் ஏறினார்கள்" என்ற வரியை எளிதாகக் கடந்து போயிருக்கிறேன். வெள்ளகவிக்கு மேல் செங்குத்தாக எழும் சரிவில், முதுகில் ஒரு சிறு பையோடு பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபோதுதான், ஒரு முழு ஆளையும் நாற்காலியையும் சேர்த்துத் தோளில் தாங்கி ஏறியவர்களை நினைத்துப் பார்த்தேன். ஏரிக்கு லெவிஞ்சின் பெயரையும், நடைபாதைக்குக் கோக்கரின் பெயரையும், சாலைக்கு மேஜர் லாவின் பெயரையும் சொல்கிறோம். சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காகவும் இந்த நடையைச் சமர்ப்பிப்பது என்று அந்தச் சரிவிலேயே முடிவு செய்துகொண்டேன். வார்டு அளக்க வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இந்த மலையில் பளியர்களும் குன்னுவர்களும் வாழ்ந்தார்கள். மலையும் மலைசார்ந்த இடமும் சேயோனாகிய முருகனுக்கு உரியவை என்று தமிழ் வகுத்து வைத்ததும் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு.

மாலையில் கொடைக்கானலை ஒட்டியுள்ள வட்டக்கானலை அடைந்தோம். அன்றிரவு கால்வலியில் உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை குறிஞ்சி ஆண்டவர் சன்னிதி. ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். அதையும் நடந்தே சென்றோம். மலையின் வரலாற்றில் வெளியார் கட்டியவை பல உண்டு என்றாலும், என் மனம் தங்குவது இந்தக் கோயிலில்தான். 1936-இல் இதை எழுப்பியவர், ஐரோப்பிய மரபில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் ஏற்று, இலங்கையின் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த அம்மையார். கணவர் 1930-இல் மறைந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், கோடையைக் கழிக்க வந்தோரின் மாளிகைகள் நிறைந்திருந்த இந்த ஊரில், மலைக்கு உரியவனுக்கே ஒரு வீடு கட்டி, அவனுக்குக் குறிஞ்சி என்ற நிலத்தின் பெயரையே சூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும். பிற்காலத்தில் கோயில் பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் சேர்ந்தது.

கோயிலைச் சுற்றிக் குறிஞ்சிச் செடிகள் பச்சையாக நின்றன. 2006-இலும் 2018-இலும் பூத்தவை. இனி 2030-இல்தான் பூக்கும். உள்ளே பாலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. மேனியில் வழிந்த பால், குளிரில் ஆவி பறக்க, பாதத்தில் வந்து தேங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எத்தனையோ முறை பார்த்த அதே திருமுகம்தான். ஆனால் முட்டிவரை வலிக்கும் கால்களோடு நின்று பார்த்தபோது, அவன்தான் இறங்கி வந்து எங்களை எதிர்கொண்டதுபோல் இருந்தது.

தீபாராதனை முடிந்து வெளியே வந்தோம். தெளிவான நாட்களில் இங்கிருந்து வடக்கே பழனி தெரியும். அன்று பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி நிறைந்து, மதில் தாண்டி ஓரடி தூரமும் தெரியவில்லை. அர்ச்சகர் எங்கள் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு, பனிக்குள் கையை நீட்டி, "அதோ, அந்தப் பக்கம்தான் பழனியாண்டவர்" என்றார். அந்த வெண்மையைப் பார்த்து இருவரும் கைகூப்பி, "அரோகரா" என்றோம்.