தாரைப் பார்த்து எக்ஸ்போஷர், ஹெல்மெட்டைப் பார்த்து ஃபோகஸ்

ஒரே வளைவு, ஒரே வெயில், நடுவில் நான்கு விநாடிதான். முதலில் வந்த வெள்ளை கார் படத்தில் சாம்பல் பூசின மாதிரி மங்கிக் கிடக்கிறது. பின்னாடியே வந்த கறுப்பு கார் ஓரளவு தெரிகிறது, ஆனால் ஓட்டுபவரின் வெள்ளை ஹெல்மெட் முழுக்க வெளுத்துப்போய், அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எழுத்துகூட மிச்சமில்லை. இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நான் எடுத்த படங்கள். அன்றைக்குக் கேமராவை ஷட்டர் பிரையாரிட்டியில், அதாவது ஷட்டர் வேகத்தை மட்டும் நான் சொல்லி மீதியைக் கேமராவிடம் விடுகிற மோடில், வைத்திருந்தேன். வெள்ளையைப் பார்த்தால் கேமராவில் ஒளியை அளக்கிற மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பைப் பார்த்தால் கூட்டும், அதன் சுபாவமே அதுதான். ஆனால் டிராக்கில் விழுந்த வெயில் மாறவே இல்லை, மாறினது காரின் பெயின்ட் மட்டும்தான்.

அதிலிருந்து ரேஸ் என்றால் மேனுவல்தான், எல்லாவற்றையும் நானே செட் பண்ணுவது. போய் நின்றதும், கார் எதுவும் வராத நேரத்தில், தார் ரோட்டை ஃபிரேம் முழுக்க நிரப்பி மீட்டர் பார்ப்பேன். வெயிலில் பழசான தார், மீட்டர் எதிர்பார்க்கிற நடுத்தரச் சாம்பலைவிடக் கொஞ்சம் இருட்டு, அதனால் மீட்டர் சொல்வதிலிருந்து அரை ஸ்டாப் குறைத்துக்கொள்வேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அப்புறம் வெள்ளை ஹெல்மெட்டோ வெள்ளை பைக்கோ வருகிற முதல் சுற்றில் ஒரு படம் எடுத்து, வெளுத்துப்போன இடம் (ஹைலைட்) எங்கேயாவது திரையில் மினுக்குகிறதா என்று பார்ப்பது. மினுக்கினால் இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைப்பேன். அவ்வளவுதான், வெயில் மாறுகிற வரைக்கும் அதைத் தொடுவதில்லை. மேகம் வந்து வந்து போகிற நாளில் மட்டும் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விடுவேன், அது அரைகுறைத் தீர்வுதான் என்று தெரிந்தே.

இரவு ரேஸிலும் இதே கதைதான். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவையே டிராக் ஆக்கினார்களே, அது போன்ற இடத்தில் ஃபிரேமில் பாதி கறுப்பு வானம். மீட்டரை நம்பினால் விளக்குக்கு அடியில் வருகிற கார் வெளுத்துப்போய்விடும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தத் தாருக்கு மேனுவலில் செட் பண்ணி, கார் அங்கே வரும்போது மட்டும் அழுத்த வேண்டும்.

ஃபோகஸுக்கு வருவதற்கு முன்னால் ஷட்டர் ஸ்பீடைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். 1/2000 விநாடியில் எடுத்தால் அந்தக் கார் இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும், பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம்கூட ஏறக்குறைய உறைந்துபோய், யாரோ டிராக் நடுவில் பார்க்கிங் போட்ட மாதிரி இருக்கும். 1/125ல் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த 40 சென்டிமீட்டரைக் கேமராவும் கூடவே நகர்ந்து ஈடுகட்டுவதுதான் பேனிங். புதிதாகத் தொடங்குபவர்கள் 1/500ல் ஆரம்பித்து, 1/250, 1/125 என்று இறங்கினால் மனசு தளராது. எடுத்தவுடன் 1/60 போனால் ஒன்றும் தேறாமல் லென்ஸைச் சந்தேகப்படத் தொடங்கிவிடுவோம்.

சரி, ஃபோகஸ். நேருக்கு நேர் வருகிற காரை எடுக்கும்போதுதான் ஃபோகஸ் உண்மையாகவே திணறும். விநாடிக்கு 50 மீட்டரில் வருகிற கார், விநாடிக்கு 10 படம் தொடர்ந்து எடுக்கிற பர்ஸ்ட்டில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 5 மீட்டர் முன்னால் வந்துவிடுகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 300 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப்4, 30 மீட்டர் தூரம் என்றால் ஷார்ப்பாக இருக்கிற ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை மீட்டர். கேமரா முன்கூட்டியே கணிக்கவில்லை என்றால் அடுத்த படம் கண்டிப்பாக அவுட். அந்தக் கணிப்புக்கு அதற்கு நேரம் வேண்டும், அதனால் கார் தூரத்தில் சிறிதாகத் தெரியும்போதே கன்டினியூயஸ் ஃபோகஸில் (நகர்வதை விடாமல் தொடர்கிற மோடில்) பிடித்துக்கொண்டு, ஒரு விநாடியாவது கூடவே வந்து, அப்புறம் அழுத்த வேண்டும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிடுவது எனக்குப் பெரிய நிம்மதி, கட்டை விரல் பிடித்துக்கொண்டே இருக்கும், ஆள்காட்டி விரல் காத்திருக்கும். பாயின்ட்டை ஹெல்மெட்டில் வைக்கப் பாருங்கள். பைக்கில் முன்சக்கரம் ஷார்ப்பாக இருந்து ஓட்டுபவரின் கண்பக்கம் மங்கினால் படம் செத்துவிடும், அதுவே தலைகீழாக இருந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நேருக்கு நேர் படத்துக்கு மெதுவான வளைவைத் தேர்ந்தெடுங்கள், அங்கே வேகம் மணிக்கு 80க்கு இறங்கினால் அந்த 5 மீட்டர் இரண்டே கால் மீட்டராகிவிடும்.

ஆட்டோஃபோகஸ் வருவதற்கு முன்னால், சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், தாரில் ஒரு கறையைக் குறிவைத்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வண்டி அதன் மேல் ஏறும்போது அழுத்துவதுதான் வழி. இன்றைக்கும் வளைவிலிருந்து வெளியேறும் ஓரத்தில் இருக்கிற சிவப்பு வெள்ளைக் கர்புக்கு (டிராக்கின் விளிம்புக் கட்டைக்கு) நான் அப்படிச் செய்வதுண்டு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மங்கின படத்தையெல்லாம் ஃபோகஸ் தப்பு என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி என்ன மாதிரி மங்கியிருக்கிறது என்று பாருங்கள். நேருக்கு நேர் எடுத்த படத்தில் காருக்குப் பின்னால் இருக்கிற தாரின் பொடிக்கற்கள் தெளிவாகத் தெரிந்தால் அது ஃபோகஸ். பேனிங் படத்தில் ஸ்டிக்கர் எழுத்து மேலும் கீழுமாக இரட்டையாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது, அதற்கு எந்த ஃபோகஸ் மோடும் உதவாது. காரின் மூக்கு ஷார்ப்பாக, வால் மட்டும் இழுபட்டிருந்தால் அதுவும் ஃபோகஸ் இல்லை. மிகக் கிட்டே நின்று எடுத்தால் மூக்கும் வாலும் நம் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் திரும்புகின்றன, லென்ஸ் ஒன்றோடுதான் போக முடியும். கொஞ்சம் பின்வாங்கி நீளமான லென்ஸ் போட்டால் அது குறையும். மத்தியானம் தூரத்தில் எடுத்த எல்லாப் படமும் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி நெளிந்திருந்தால் அது தாரிலிருந்து எழும் கானல். அதற்கு மருந்தே கிடையாது, கிட்டே போங்கள் அல்லது காலை எட்டு மணிக்குள் எடுங்கள்.

கை ஆட்டத்துக்கு நான் கண்டது கால்தான். எந்த இடத்தில் அழுத்தப் போகிறேனோ அந்தத் திசைக்குப் பாதங்களை வைத்துவிட்டு, இடுப்பை மட்டும் திருப்பி வண்டி வருகிற பக்கம் காத்திருந்தால், அது எதிரே வரும்போது உடம்பு தானாகவே தளர்ந்து நேராகும், ஆட்டமே இருக்காது. அழுத்தின பிறகும் அரை விநாடி தொடர்ந்து திரும்ப வேண்டும், டக்கென்று நிறுத்தினால் கடைசி இரண்டு ஃபிரேம் போச்சு.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்றால் அப்பர்ச்சர் எஃப்14க்குச் சுருங்கிவிடும். நம்மைப் போன்றவர்கள் கம்பி வலைக்கு வெளியேதான் நிற்கிறோம், எஃப்14ல் அந்த வலை படம் முழுக்கச் சாம்பல் கட்டமாக விழும், சென்சாரில் இருக்கிற தூசியெல்லாம் வேறு புள்ளி புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கிற என்டி ஃபில்டர் ஒன்றைப் போட்டால் எஃப்5க்கு வந்துவிடலாம். லென்ஸை வலைக்கு ஒட்டி வைத்தால் கம்பி காணாமலே போய்விடும்.

பிராக்டீஸிலும் தகுதிச் சுற்றிலும் 1/60, 1/30 என்று எல்லா விளையாட்டும் விளையாடுவேன். ஃபைனலில் கடைசி இரண்டு சுற்று வந்ததும், ஓவர்டேக் எந்த வளைவில் நடக்கும் என்று தெரியாது, அதனால் அந்த என்டி ஃபில்டரைக் கழற்றாமலே 1/500, எஃப்5, ஐஎஸ்ஓ 400 என்று முன்கூட்டியே கேமராவின் இரண்டாவது கஸ்டம் மோடில் போட்டு வைத்திருப்பேன். டயலை ஒரு கிளிக் திருப்பினால் போதும், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை.