படலை திறந்து வந்தவர்கள்

"உங்களுக்குப் படிப்பித்தவர்களைப் பற்றி எழுதுங்கோ" என்று எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க்குழு கேட்டிருந்தது. கணக்கு மாஸ்ரரையும் அவருடைய பூவரசம் தடியையும் பற்றி இந்த மலரில் எப்படியும் நாலு பேராவது எழுதியிருப்பார்கள். நான் எங்கள் மகா வித்தியாலயத்தின் சம்பளப் பட்டியலில் ஒருநாளும் இருந்திராத, வீடு தேடி வந்த சுகாதார ஊழியர் சிலரைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பு இடாப்பில் பாதிப் பேர் வரவில்லை என்றுதான் கிடந்திருக்கும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். "கிளிநொச்சிக்கோ? காய்ச்சல் பிடிச்சுச் சாகப் போறியளோ?" என்று சொந்தக்காரர் கேட்டதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. கேட்டதிலும் பிழை இல்லை. மாரி ஓய்ந்த கையோடு வகுப்பில் வாங்குகள் வெறிச்சோடும். பின்னேரமானால் உதறல், நாலு போர்வை போர்த்தாலும் அடங்காது. பிறகு வியர்வை. அடுத்த நாள் ஒன்றுமே நடவாததுபோல் எழும்பித் திரியலாம், அதற்கடுத்த நாள் திரும்ப உதறும். மலேரியா என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மருந்தடிக்கிற ஆட்கள் வருவதற்கு முதல் நாளே அறிவித்தல் வந்துவிடும். சட்டி பானை, நெல்லு மூட்டை, சாமிப்படம் எல்லாம் முற்றத்துக்கு வரும். எங்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். காக்கி உடுப்புப் போட்ட அண்ணைமார் பம்பைத் தோளில் கொழுவிக்கொண்டு, சுவரின் மேலிருந்து கீழாக ஒரு பட்டை, பக்கத்தில் கீழிருந்து மேலாக ஒரு பட்டை என்று அடித்துக்கொண்டு போவார்கள். சுவருக்கும் குழாய் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு சாண்கூட மாறாது. வீட்டுக்குள் கடித்து வயிறு நிரம்பிய நுளம்பு பறக்க மாட்டாமல் கிட்டவுள்ள சுவரில்தான் போய்க் குந்தும், அங்கே மருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் சங்கதி. இதை விஞ்ஞான ரீச்சருக்கு முதல் எனக்குச் சொல்லித் தந்தவர் பம்பு அண்ணை ஒருவர்.

முதலில் டி.டி.ரி. அடித்தார்கள். அதற்கு நுளம்பு பழகிப்போன பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியில் மலத்தியன் வந்தது. அந்த நாற்றம் இரண்டு நாளைக்குச் சோற்றிலும் இருக்கும். "மூட்டைப்பூச்சி சாகேல்லை, பூனைதான் செத்தது" என்று ஆச்சி புறுபுறுப்பா. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எங்களுடையது மண்சுவர். தைப்பொங்கலுக்கு அம்மா மண்ணும் சாணமும் குழைத்துச் சுவர் முழுக்க மெழுகிவிடுவா. மார்கழியில் அடித்த மருந்தெல்லாம் மண்ணுக்கு அடியில். அந்தக் குழுவின் தலைவர் கோபிக்கவில்லை. "அம்மா, உங்கடை பக்கம் பொங்கல் முடிஞ்ச பிறகு வாறம். அதுக்குப் பிறகு மூண்டு மாசத்துக்குச் சுவரிலை கை வைக்கப்படாது. சரியோ?" என்று கேட்டார். அம்மா ஒத்துக்கொண்டா. மேலிடத்திலிருந்து வந்த அட்டவணையை ஒரு வீட்டுப் பொங்கலுக்காக வளைத்த அந்த மனிசனிடம், பிறகு நான் நிர்வாகம் பற்றிப் படித்த பல புத்தகங்களில் இல்லாத விஷயம் இருந்தது.

இன்னொருவர் சைக்கிளில் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய பெட்டியோடு வருவார். வகுப்பில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு விரலில் குத்துவார். ஒரு துளி இரத்தம் கண்ணாடியில் வட்டமாகப் பரவும், ஓரத்தில் இலக்கம் எழுதுவார். குளோரோகுயின் குளிசையைத் தன் கண் முன்னாலேயே விழுங்க வைப்பார், அந்தக் கைப்பை நாக்கு இன்னும் மறக்கவில்லை. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவார். ஏனென்றால் அரைவாசிப் பேர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துப் பிறகு வாய்க்காலில் துப்பினவர்கள்தான்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை மலேரியா கொண்டுபோனது. மழை பொய்த்து, ஓட வேண்டிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்பு பெருகிய வருடம் அது. பிறகு டி.டி.ரி. வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் கண்டது 17 பேரைத்தான். அதோடு தெளிப்பு நின்றது, கைகள் தளர்ந்தன. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல்! நாங்கள் பிறந்தது அந்தத் தளர்ச்சியின் பலனுக்குள்.

மிட்வைஃப் அம்மாவுக்கு வருகிறேன். பெயர் தெரியும், போடவில்லை. அவவுக்கு அது பிடிக்காது. வெள்ளைச் சேலை, குடை, சைக்கிள், சைக்கிள் கரியரில் ஒரு பை. வேப்பங்கொப்பில் தராசைக் கொழுவி, சீலைத் தொட்டிலில் பிள்ளையை இருத்தி நிறுப்பா. நிறை அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தால் தாயைப் பேச மாட்டா, மாமியாரைத்தான் பேசுவா. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டில்தான் என்றிருந்த காலத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பெறுவித்தவ. தொப்புளில் சாம்பலோ வேறெதுவோ போடக்கூடாது என்பதில் ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்க மாட்டா. ஆனால் பிள்ளைப்பெத்தவளுக்கு மருந்துச் சரக்குக் காய்ச்சிக் கொடுப்பதைத் தடுத்ததே இல்லை. "அது கிழவியளின்ரை பங்கு, இது என்ரை பங்கு" என்பா. எங்கே சண்டை பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

திரிபோஷா கதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சத்துமா அது. எங்கள் ஊரில் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி, தாயைத் தவிர மற்ற எல்லாரும் தின்றோம். மிட்வைஃப் அம்மா இதைக் கண்டுபிடித்த விதம் எளிது. என் தம்பியிடம் "மா உருண்டை நல்லாயிருந்ததோ ராசா?" என்று கேட்டா. அவன் தலையாட்டினான். அடுத்த மாதத்திலிருந்து, தான் நிற்கும்போதே குழைத்துத் தாய்மாரைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தா.

பி.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வேறு ரகம். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில் காலடி வைத்து அளப்பார். வெள்ளம் வடிந்தால் கிணற்றுக்குள் குளோரின். அவ்வளவுதான், அதிகம் பேச மாட்டார். அவரைக் கண்டால் தேநீர்க் கடைக்காரருக்கு மட்டும் வியர்க்கும்.

1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது முப்பது, நாற்பது என்கிற அளவில்தான். இதைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் சாதனையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அரைக்கதை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாயைக் காலத்தோடு கண்டுபிடித்து ஏற்றி அனுப்பியது படலையைத் திறந்து வந்த ஒரு பெண்.

யுத்த காலத்தில் நான் நாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருந்தா. இடம்பெயர்ந்த முகாம்களிலும் மிட்வைஃப்மார் தங்கள் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள் என்று எழுதுவா. தொண்ணூறுகளின் நடுவில் போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். நுளம்புக்கான மருந்தும் வலையும்கூட எல்லைக்கோடுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

இனி ஒரு முறைப்பாடு. எங்கள் சங்கக் கூட்டங்களில் ஊருக்கு உதவி என்றால் கட்டடம், மிஷின், கல்வெட்டு. கல்வெட்டில் எங்கள் பெயர். மிட்வைஃப்புக்கு ஸ்கூட்டர் திருத்தக் காசு, வீட்டுக்கு வீடு போகும் தொண்டர்களுக்குப் பெற்றோல் என்று யாராவது சொன்னால் கூட்டம் தேநீருக்குக் கலைந்துவிடும். இந்தத் தலைப்பை அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் போடும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உள்ளூரில் பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் புதிய வகை மலேரியா நுளம்பு ஒன்று பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அதைக் கண்டார்கள். இப்போது கிணறுகளில் மீன் விடுகிறார்கள். நுளம்பு இருக்கிறது, கிருமிதான் இல்லை. அதைக் கொண்டுவரக்கூடியவர்கள் நாங்கள்தான். சென்னையில் இறங்கிச் சேலை எடுத்து, கோயில் கும்பிட்டு ஊருக்குப் போகிறவர்களும், ஆபிரிக்காவில் வேலை பார்க்கிறவர்களும் கவனியுங்கள். ஊரில் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுப் படுக்காதீர்கள். எந்த நாட்டால் வந்தீர்கள் என்பதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இளம் டொக்டர்மார் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை, டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள். மலேரியா என்று உறுதியானால் மலேரியாத் தடை இயக்கத்தின் ஆட்கள் வீடு தேடி வந்து, சுற்றிவர நுளம்பு பார்ப்பார்கள், அயலவரின் இரத்தமும் எடுப்பார்கள். வரும்போது நாயைக் கட்டி வையுங்கள்.